மங்கிய கண்ணாடியும் ஒரு கராஜ் பில்லும்

மழையில் வண்டி ஓட்டி ஆளை மோதிய ஒருவர், "கண்ணாடி மங்கிப் போச்சு, ஆள் தெரியல்ல" என்று சொன்னால், சட்டம் அவரைத் திருப்பிக் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: மங்குவது தெரிந்ததும் ஏன் நிறுத்தவில்லை? நியாயமான கேள்வி. வீதியோரம் நடந்து போகிறவருக்கு வண்டிக்குள் இருப்பவரின் சங்கடம் தெரியாது, தெரிந்திருக்க வேண்டிய கடமையும் இல்லை. பார்க்க முடியாதவர் ஓட்டக் கூடாது என்ற அந்த எளிய விதிதான் அவருடைய உயிருக்கு இருக்கும் காவல். விதியோடு எனக்கு என்றைக்கும் பிணக்கு இருந்ததில்லை. ஆனால் வட்டகொடையில் நடந்த ஒரு விபத்தின் வழக்கை நான் நடத்த வேண்டி வந்தபோது, அந்தக் கேள்வி ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தவரிடம் மட்டும் கேட்கப்பட்டு அங்கேயே நின்றுவிடுவதால் எவ்வளவு உண்மை நீதிமன்றத்துக்கு வெளியே தங்கிவிடுகிறது என்று கண்ணால் கண்டேன்.

2017ஆம் ஆண்டு, தென்மேல் பருவமழைக் காலம். தலவாக்கலையிலிருந்து வட்டகொடை வழியாகப் பூண்டுலோயாவுக்குப் போகும் வீதியை அறிந்தவர்களுக்கு அந்த மாதங்களின் அந்தி எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை: இருபுறமும் தேயிலை, வளைவுக்கு வளைவு இறங்கி வரும் பனிமூட்டம், ஐந்தரை மணிக்கே இருட்டு. கொட்டகலைப் பக்கத்து மரணவீடு ஒன்றுக்குப் போய்விட்டு ஒரு வேன் திரும்பிக்கொண்டிருந்தது. உள்ளே சாரதியோடு பத்துப் பேர். இடுகாட்டில் மழையில் நின்றவர்கள், ஆளும் குடையும் சால்வையும் நனைந்திருக்க, குளிருக்குக் கண்ணாடிகளை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கொழுந்து மடுவத்தில் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு லயத்துக்கு நடந்துகொண்டிருந்த பெண் ஒருவர், தலையில் கறுப்பு ரப்பர் சீட்டைப் போட்டுக்கொண்டு வீதியின் இடது ஓரத்தில் வந்தார். வேனின் முன்பக்க இடது மூலை அவரைத் தட்டியது. முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டாக முறிந்தது.

சாரதி ஓடவில்லை. அந்தப் பெண்ணை அதே வேனில் ஏற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டுத் தானாகவே பொலிசுக்குப் போனார். மனிதத்தன்மையான அந்தச் செயல் வழக்கில் அவருக்கு எதிராகத்தான் நின்றது. வண்டி நின்ற இடம், மோதிய இடம், சில்லுத் தடம் ஆகியவற்றை அளந்து வரைபடம் போடுவதில்தான் விபத்து விசாரணை தொடங்குகிறது. வண்டியும் இல்லை, மழையில் தடமும் இல்லை என்றானபோது, வீதியின் எந்தப் பக்கத்தில் மோதல் நடந்தது என்பதைச் சொல்லப் பயணிகளின் வாக்குமூலம் தவிர வேறொன்றும் இருக்கவில்லை. பயணிகள் எல்லோரும் உண்மையையே சொன்னார்கள்: கண்ணாடி வழியே எதுவும் தெரியவில்லை, சாரதி ஒரு கையால் துணி போட்டுத் துடைத்துக்கொண்டே ஓட்டினார்.

எலும்பு முறிந்தால் அது எங்கள் தண்டனைச் சட்டக்கோவையில் பாரதூரமான காயம். கவனயீனமான செயலால் அப்படியொரு காயம் விளைவித்ததாக 329ஆம் பிரிவின் கீழும், கவனயீனமாக ஓட்டியதாக மோட்டார் வாகனச் சட்டத்தின் கீழும் சாரதிமேல் குற்றப்பத்திரம் வந்தது. அவரை என்னிடம் அழைத்து வந்தவர் வேனின் உரிமையாளர். கட்டணம் தான் தருவதாகச் சொன்னார். முதல் தவணையிலேயே குற்றத்தை ஒப்புக்கொண்டு, தண்டப்பணத்தைக் கட்டி, காரியத்தை முடித்துவிட வேண்டும் என்பது அவருடைய விருப்பம். மலையகத்து நீதிமன்றங்களில் இது புதிதல்ல. மாதச் சம்பளத்துக்கு ஓட்டும் சாரதியின் சட்டத்தரணிக்கு முதலாளி பணம் கொடுப்பது வழக்கம். அந்தப் பணத்தோடு, என்ன பேச வேண்டும், எதைப் பேசக் கூடாது என்ற எதிர்பார்ப்பும் சேர்ந்தே வரும். கட்டணம் கட்டுபவர் வேறு, கட்சிக்காரர் வேறு என்று அவரிடம் அன்றே சொன்னேன். சரி என்றார். அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று அவருக்கும் எனக்கும் பிறகுதான் விளங்கியது.

சாரதியிடம் தனியாகப் பேசியபோது அவர் சொன்ன ஒரு வசனம் என்னை நிறுத்தியது. "ஐயா, மத்த வேனுகளும் அந்த ரோட்டுல அந்த மழயில ஓடுதுங்க. எல்லாத்துலயும் ஆளுக இருக்காங்க. இந்த வேன்ல மட்டும் தொடச்சு கைய எடுக்கிறதுக்குள்ள திரும்ப மூடிக்கிருது." மூச்சால் மங்கும் கண்ணாடி எல்லா வண்டிக்கும் பொதுவானது. துடைத்த கையை எடுக்குமுன் மூடுகிறது என்றால், அது வேறு நோயின் அறிகுறி. நோயைக் கண்டுபிடிக்கத் தெரிந்த ஒருவரைத் தேடினேன்.

தேயிலைத் தொழிற்சாலையில் பிட்டராக இருந்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர் கிடைத்தார். கார் மெக்கானிக் ஒருவரைக் கூட்டிப் போயிருக்கலாமே என்று பிறகு ஒரு நண்பர் கேட்டார். ஆனால் காற்றிலுள்ள ஈரத்தைப் பற்றித் தேயிலைத் தொழிற்சாலைக்காரருக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது என்பது என் எண்ணம். கொழுந்தை வாட்டும் மாடத்தில் ஈரக்குமிழ், உலர்க்குமிழ் என்று இரண்டு வெப்பமானிகளை அருகருகே தொங்கவிட்டு, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்துக் காற்று இன்னும் எவ்வளவு ஈரம் குடிக்கும் என்று கணிப்பார்கள். மழைக்காலத்தில் அந்த வித்தியாசம் சுருங்கிவிடும். அப்போது சூடான காற்றைக் கலந்துதான் இலையை வாட்ட முடியும். வேனின் கண்ணாடியும் அந்த மாடத்து இலையைப் போலத்தான் என்றார் பெரியவர்: சூடான, காய்ந்த காற்று மேலே பட்டால் ஈரம் போகும், ஈரக் காற்றையே சுற்றிச் சுற்றி அடித்தால் போகாது.

பிணைமுறியில் விடுவிக்கப்பட்ட வேன் உரிமையாளரின் வளவில் கூரைக்குக் கீழே நின்றது. பெரியவர் வண்டியைத் தொடுமுன் சாரதியிடம் இரண்டு கேள்வி கேட்டார். "வைப்பர் போட்டாப் போச்சா, துணி போட்டாப் போச்சா?" துணிக்கு என்றார் சாரதி. அப்படியானால் மூட்டம் உள்பக்கம். வெளிப்பக்க மூட்டம் என்றால் வைப்பரே அதைத் தள்ளியிருக்கும். ஏசியைக் கடுங்குளிரில் வைத்துக் கண்ணாடியைக் குளிரப்பண்ணும்போது, வெளிக்காற்றின் ஈரம் வெளியே படிவதால் அது வரும். "ஷட்டரைக் கொஞ்சம் தொறந்தா கொறஞ்சுச்சா?" கொஞ்சம் குறைந்தது, சன்னலை மூடியதும் திரும்ப வந்தது என்றார். அப்படியானால் ஈரம் வண்டிக்குள்ளேயே எங்கோ ஊறிக்கொண்டிருக்கிறது. ஆட்களின் மூச்சும் நனைந்த துணியும் மட்டும் என்றால், ஆட்கள் இறங்கி வண்டி காய்ந்ததும் கதை முடிய வேண்டும்.

பிறகு அவர் முன்கண்ணாடியின் உள்பக்கத்தில் சுட்டுவிரலை மேலிருந்து கீழே இழுத்தார். விரல் வழுக்கியது. கண்ணாடியில் ஒரு கோடு விழுந்தது, அதன் இரு ஓரமும் எண்ணெய் பட்டதுபோல வானவில் நிறத்தில் மின்னின. விரலை மூக்கருகே கொண்டுபோய், என்னிடமும் நீட்டினார். லேசான தித்திப்பு வாசம். ஒன்றும் பேசாமல் முன்னால் இடது இருக்கைக்குக் கீழிருந்த ரப்பர் விரிப்பைத் தூக்கினார். மேலே உலர்ந்திருந்தது; அதன் அடியிலிருந்த கம்பளித் தகட்டைக் கட்டைவிரலால் அழுத்தியதும் பிசுபிசுவென்று நீர் கசிந்தது. வெள்ளைத் துணியால் ஒற்றி எடுத்தார், துணியில் வெளிறிய பச்சை. ஓடாமல் நின்ற வண்டி, மழை படாத கூரை. முன்கண்ணாடி ரப்பர் வழியாக நீர் இறங்குகிறதா என்று பார்க்க வெளியே ஒரு வாளித் தண்ணீரை மெதுவாக ஊற்றச் சொன்னார்; உள்ளே ஒரு சொட்டும் வரவில்லை. "மழத்தண்ணி வழுக்காது தம்பி. இது ரேடியேட்டர் கூலன்ட்."

ஜப்பானிலிருந்து பாவித்த நிலையில் வரும் வேன்களில் ஹீட்டர் இருக்கும். எஞ்சினைச் சுற்றிச் சூடாகும் நீரின் ஒரு பங்கு, டாஷ்போர்டுக்குள் இருக்கும் சிறிய ரேடியேட்டர் போன்ற ஒரு பெட்டிக்குள் வந்து போகும். அதன்மேல் ஊதும் காற்றுதான் கண்ணாடிக்குச் சூடாக வருகிறது. அந்தப் பெட்டியைக் கோர் என்பார்கள். அது பழுதாகி ஒழுகினால் கூலன்ட் விரிப்புக்கு அடியில் இறங்கும், அதன் ஆவி கண்ணாடியில் எண்ணெய்ப் படலமாகப் படியும். கூலன்ட்டில் உள்ள கிளைகோல் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. ஊறிய கம்பளியை எடுத்துக் கழுவாவிட்டால் அது தானாக முழுசாகக் காயாது.

வேனின் அடியில் படுத்துப் பார்த்த பெரியவர், ஹீட்டருக்குப் போகும் இரண்டு குழாய்களும் உள்ளே போகாமல் ஒரு துண்டுக் குழாயால் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டு, இரண்டு கிளிப்பால் இறுக்கப்பட்டிருந்ததைக் காட்டினார். ஒழுகிய கோரை மாற்றுவதற்குப் பதில், அதற்கு நீர் போகும் வழியையே அடைத்துவிட்டார்கள். ஒழுக்கு நின்றது, சூடான காற்றும் நின்றது. ஊறிய கம்பளி அப்படியே கிடந்தது. வெளிக்காற்றை உள்ளெடுக்கும் கதவு, உள்காற்றையே திரும்பச் சுற்றும் பக்கத்தில் துருவேறி நின்றுவிட்டிருந்தது. ஏசி இயங்கினாலாவது, காற்று அதன் குளிர்ந்த சுருள்மேல் போகும்போது ஈரத்தை அங்கே விட்டுவிட்டு வரும். ஏசியின் பெல்ட்டும் கழற்றப்பட்டிருந்தது, டீசல் மிச்சத்துக்காக. கண்ணாடியைத் தெளியவைக்க அந்த வேனில் இருந்த மூன்று வழிகளும் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டிருந்தன. மிச்சம் இருந்தது சாரதியின் கையிலிருந்த துணி.

இதை நீதிமன்றத்துக்கு எடுத்துச் சொல்ல வேண்டுமானால் கணக்கும் வேண்டும் என்று எழுதி வைத்துக்கொண்டேன். 23 பாகை வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று 20 கிராமுக்குச் சற்று மேல் நீராவியைத் தாங்கும். 15 பாகையில் 13 கிராமுக்குச் சற்றுக் குறைவாகவே தாங்கும். ஆட்களின் உடற்சூட்டில் வெதுவெதுப்பான உள்காற்று, மழை பட்டுக் குளிர்ந்த கண்ணாடியைத் தொடும் இடத்தில் அந்த வித்தியாசம் நீராகப் படிகிறது. சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவர் மூச்சாலும் தோலாலும் மணிக்கு ஏறக்குறைய 40 கிராம் நீராவி விடுகிறார். பத்துப் பேர் என்றால் மணிக்கு அரை லீட்டருக்குச் சற்றுக் குறைவு. தலவாக்கலை சென்ட் கூம்ஸ் தோட்டத்தில் இருக்கும் தேயிலை ஆராய்ச்சி நிலையம், கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 1,380 மீட்டர் மேலே, மழையையும் வெப்பத்தையும் நாள்தோறும் பதிவுசெய்கிறது. அந்தக் குளிருக்கு எங்கள் பகுதியில் சாட்சி தேடி அலைய வேண்டியதில்லை. ஹீட்டர் சூடான நாட்டுக்கு வேண்டாத ஆடம்பரம் என்று கொழும்பில் நினைக்கலாம். இங்கே அது பிரேக்குக்கு அடுத்த தேவை.

அடுத்து வந்தது அந்த பில். சன் வைசருக்குப் பின்னால் மடித்துச் செருகியிருந்ததைச் சாரதியே எடுத்துத் தந்தார். விபத்துக்கு மூன்று மாதத்துக்கு முந்திய திகதி. மேலே உரிமையாளரின் பெயர். ஹீட்டர் லைன் அடைத்ததற்கும் கிளிப் இரண்டுக்கும் தொகை. கீழே பென்சிலால், கோர் மாற்ற வேண்டும் என்று கராஜ்காரர் ஒரு வரி எழுதியிருந்தார். வண்டியைக் கொண்டுவந்து எடுத்துப் போனவர் என்ற இடத்தில் சாரதியின் கையெழுத்து. "மொதலாளிகிட்ட பில்ல காட்டினேங்க ஐயா. மழ விட்டதும் பாப்பமுன்னு சொன்னாரு."

அந்த ஒரு தாள்தான் இந்த வழக்கை என் நினைவில் நிறுத்தியிருக்கிறது. உரிமையாளருக்குக் குறை தெரியும் என்பதற்கு அதைவிடச் சிறந்த சாட்சி இல்லை. சாரதிக்கும் தெரியும் என்பதற்கும் அதைவிடச் சிறந்த சாட்சி இல்லை. எங்கள் நீதிமன்றங்கள் வழிகாட்டலுக்காகப் பார்க்கும் ஆங்கிலத் தீர்ப்புகளில் 1961ஆம் ஆண்டின் ஸ்பர்ஜ் வழக்கு இதையே பேசுகிறது. பிரேக் அழுத்தினால் வலப்பக்கம் இழுக்கும் காரோடு வளைவில் திரும்பி ஒரு ஸ்கூட்டரில் மோதியவர், கோளாறுதான் காரணம் என்றார். கோளாறு எதிர்பாராமல் வந்திருந்தால் அது நல்ல எதிர்வாதம் என்று மேன்முறையீட்டு நீதிமன்றம் ஏற்றது. ஆனால் காரை வாங்கியதிலிருந்தே அந்த இழுப்பு அவருக்குத் தெரியும் என்பதால் தண்டனையை உறுதி செய்தது. தெரிந்த குறையோடு ஓட்டியவருக்கு அந்தக் குறை கேடயமாகாது. 1945ஆம் ஆண்டின் கே எதிர் பட்டர்வேர்த் வழக்கு இன்னும் நெருக்கமானது. இரவு முழுக்க வேலை செய்துவிட்டுக் காரில் வீடு திரும்பியவர் தூங்கிப்போய், அணிவகுத்து நடந்த படைவீரர்கள்மேல் ஏற்றிவிட்டார். தூங்கியவருக்கு மோதல் தெரியாதுதான்; ஆனால் தூக்கம் வருவது தெரிந்திருக்கும், அப்போதே நிறுத்தியிருக்க வேண்டும் என்றது நீதிமன்றம். தூக்கம் போலவே மூட்டமும் படிப்படியாகத்தான் வருகிறது. "மங்கத் தொடங்கியதை எங்கே கண்டீர்கள்?" என்று வழக்குத் தொடுநர் கேட்டால், என் கட்சிக்காரர் உள்ளபடி சொல்லும் பதில் "தலவாக்கலை டவுனிலேயே" என்பது. அந்த ஒரு பதிலோடு வழக்கு முடிந்துவிடும்.

ஆகவே பில்லைக் காட்டாமல் விட்டால் சாரதிக்குக் கொஞ்சம் பாதுகாப்பு, உரிமையாளருக்கு முழுப் பாதுகாப்பு. காட்டினால் இருவரும் மாட்டுவார்கள். ஆனால் குற்றப்பத்திரத்தில் இருப்பது ஒருவருடைய பெயர் மட்டும். கால் முறிந்த பெண்ணுக்கோ, அந்தத் தாள் வெளியே வந்தால்தான் வழியுண்டு. அவர் என் கட்சிக்காரர் அல்ல. அவருக்காக என் கட்சிக்காரரைப் பலிகொடுக்க எனக்கு உரிமை இல்லை. எந்தச் சட்டத்தரணியும் இந்த முச்சந்தியில் நிற்கப் பழகியவர்தான். அங்கே கவலைப்பட்டுக்கொண்டு நிற்பதில் பயனில்லை. கட்சிக்காரரைக் காயப்படுத்தாமல் உண்மையைப் பதிவுக்குள் கொண்டுவர நடைமுறையில் எந்த வாசல் திறந்திருக்கிறது என்று தேட வேண்டும்.

வழக்கு விளக்கத்துக்கு வர நாளாயிற்று. சட்ட வைத்திய அறிக்கை ஒரு தவணையில் இல்லை, வாகனப் பரிசோதனை அறிக்கை அடுத்த தவணையில் இல்லை. ஒவ்வொரு தவணைக்கும் சாரதி ஒருநாள் சம்பளத்தை இழந்தார். கட்டுப்போட்ட காலோடு பஸ்ஸில் வந்துபோன அந்தப் பெண்ணும் இழந்தார். அப்போது தோட்டத்தில் நாட்சம்பளத்தின் அடிப்படைத் தொகை 500 ரூபாய். வேலைக்குப் போன நாளுக்குத்தான் அதுவும்.

கடைசியில் வாகனப் பரிசோதகர் சாட்சிக்கூண்டில் ஏறினார். நேர்மையான மனிதர். விபத்துக்குக் காரணமான இயந்திரக் கோளாறு எதுவும் இல்லை என்று அவருடைய அறிக்கை சொன்னது. எதையெல்லாம் பார்த்தீர்கள் என்று கேட்டேன். பிரேக், ஸ்டியரிங், டயர், விளக்குகள், வைப்பர். எப்போது பார்த்தீர்கள்? விபத்துக்கு மூன்றாம் நாள், பகலில், வெயில் அடித்தது. கண்ணாடியின் உள்பக்கத்தைத் தொட்டுப் பார்த்தீர்களா? இல்லை. விரிப்பைத் தூக்கினீர்களா? இல்லை. ஹீட்டர் வேலை செய்ததா? பார்க்கவில்லை, வண்டி ஓடுவதற்கு ஹீட்டர் தேவையில்லை. மழையில், பத்துப் பேரோடு, இந்த வண்டியில் முன்னால் பார்க்க முடியுமா என்று யாராவது உங்களிடம் கேட்டார்களா? கேட்கவில்லை என்றார். அவர்மேல் எனக்குக் குறையில்லை. உடைந்த பிரேக் மூன்று நாளுக்குப் பிறகும் உடைந்தே இருக்கும். மூட்டம் வெயில் வந்ததும் தடயமின்றிப் போய்விடும். அப்படிப் போகக்கூடிய காரணத்தை, போன பிறகு, அது இருக்கிறதா என்று கேட்காமலே தேடுகிறோம். விபத்து நடந்த மாலையே ஒரு கான்ஸ்டபிள் விரலால் கண்ணாடியில் ஒரு கோடு இழுத்து, விரிப்பைத் தூக்கிப் பார்த்துக் குறிப்பு எழுதியிருந்தால், குற்றப்பத்திரத்தில் யாருடைய பெயர்கள் இருக்க வேண்டும் என்ற கேள்வி அன்றே எழுந்திருக்கும். மழை பெய்யும் மலைநாட்டில் இதை விசாரணையின் கட்டாய வரியாக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

வழக்குத் தொடுநர் தரப்பு முடிந்ததும் சாரதியை அழைத்து உட்காரவைத்து, இரண்டு பாதைகளையும் விளக்கினேன். கூண்டில் ஏறினால் உண்மைதான் சொல்ல வேண்டும். உண்மை தண்டனையில் முடியும். ஏறாவிட்டால், பயணிகளின் சாட்சியமே போதுமாகலாம். ஒப்புக்கொண்டால், தண்டனைக்கு முன் எதிரியின் நிலையை நீதிமன்றம் கேட்கும். அந்தக் கட்டத்தில் பில்லையும் படங்களையும் பெரியவரின் சத்தியக் கடதாசியையும் கொடுக்கலாம். அங்கே அவை, ஆபத்து முழுவதும் இவர் உண்டாக்கியது அல்ல என்று காட்டித் தண்டனையைத் தணிக்கும். வழக்கேட்டில் சேர்ந்த தாளை, அக்கறையுள்ளவர் உறுதிப்படுத்திய பிரதியாகப் பெறலாம் என்பதையும் மறைக்காமல் சொன்னேன். முதலாளி என்ன செய்வார் என்பதையும் சொன்னேன். அவர் நெடுநேரம் யோசிக்கவில்லை. "பில்ல குடுங்க ஐயா. அந்தம்மா கால நான்தான் தூக்கிப் புடிச்சிக்கிட்டு போனேன்."

நீதவான் பில்லை இரண்டு முறை வாசித்தார். உரிமையாளர்மேல் ஏன் நடவடிக்கை இல்லை என்று பொலிஸ் அதிகாரியைக் கேட்டார். அறிக்கையில் கோளாறு இல்லை என்று இருந்ததால் என்பது பதில். அறிக்கை கோளாறைத் தேடாததால் இல்லை என்றது. அது இல்லை என்றதால் விசாரணை நின்றது. ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை, தண்டப்பணம், அந்தப் பெண்ணுக்கு ஒரு சிறு நட்டஈடு. அனுமதிப்பத்திரத்தில் கைவைக்கவில்லை. அன்று மாலையே சாரதியின் வேலை போயிற்று. என் மிச்சக் கட்டணமும் வரவில்லை. அதை நான் கேட்கவும் இல்லை.

குற்றவியல் வழக்கு ஊர்ந்துகொண்டிருந்த காலமெல்லாம் இன்னொரு கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. உடற்சேதத்துக்கு நட்டஈடு கேட்கும் சிவில் வழக்கை இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும் என்கிறது 1871ஆம் ஆண்டின் காலவிதிப்புக் கட்டளைச் சட்டம். நீதவான் நீதிமன்றத்தில் வழக்கு நடக்கிறது, முடிந்ததும் காசு கிடைக்கும் என்று நம்பியிருப்பவர்களுக்கு இது தெரிவதில்லை. தெரியும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும். தோட்டத்து மக்கள் எத்தனையோ பேர் இப்படி உரிமையை இழந்ததை நான் பார்த்திருக்கிறேன். இந்தப் பெண்ணுக்கு இன்னும் ஐந்து மாதம் இருந்தது. சட்ட உதவி ஆணைக்குழு மூலம் அவருக்காக வந்த இளம் சட்டத்தரணி கெட்டிக்காரி. வழக்கேட்டின் பிரதியை உடனே எடுத்தார், காப்புறுதிக்காரர்களுக்கு அறிவித்தல் கொடுத்தார், சாரதியையும் உரிமையாளரையும் பிரதிவாதிகளாக்கி மாவட்ட நீதிமன்றத்தில் வழக்கைப் பதிந்தார்.

எங்கள் சிவில் சட்டம் ரோமன் டச்சு வழி வந்தது. வேலையின்போது வேலையாள் செய்த தவறுக்கு வேலை கொடுத்தவர் பொறுப்பு என்பதில் அங்கே சந்தேகமில்லை. உரிமையாளரின் மறுமொழி, குறை மறைந்திருந்தது, கராஜில் கொடுத்துச் சரிபார்த்தேன் என்பதாக இருந்தது. அதற்கும் ஒரு பழைய தீர்ப்பு உண்டு. 1969இல் ஹென்டர்சன் எதிர் ஜென்கின்ஸ் வழக்கில், கண்ணுக்குத் தெரியாத பகுதியில் துருப்பிடித்திருந்த பிரேக் குழாய் வெடித்து, இறக்கத்தில் லொறி ஒன்று ஒருவரைக் கொன்றது. மறைந்த குறை என்று சொல்வது மட்டும் போதாது, எடுக்கவேண்டிய கவனமெல்லாம் எடுத்ததை உரிமையாளரே காட்ட வேண்டும் என்று பிரபுக்கள் சபை பெரும்பான்மையால் தீர்ப்பளித்தது. நம் உரிமையாளருக்கு அதைவிடக் கடினம். அவருடைய குறை மறைந்தே இருக்கவில்லை, பென்சிலில் எழுதி அவர் கையில் கொடுக்கப்பட்டிருந்தது.

தீர்ப்பு வரை போகவில்லை. சாரதி சாட்சியம் சொல்லி முடித்ததும் மறுதரப்பு இணக்கத்துக்கு வந்தது. தொகை இரண்டு தவணையாகக் கொடுக்கப்பட்டது. அந்தப் பெண் திரும்ப மலை ஏறிக் கொழுந்து பறிக்கவில்லை; சரிவில் கால் நிற்காது. தோட்டத்துப் பிள்ளைமடுவத்தில் உதவியாளாகச் சேர்ந்தார்.

இணக்க உடன்படிக்கைகளில் வழமையாக ஒரு வாசகம் இருக்கும்: பொறுப்பை ஏற்றுக்கொள்ளாமல் இந்தத் தொகை செலுத்தப்படுகிறது என்று. இதிலும் இருந்தது. அந்தப் பெண் பணத்துக்குக் காத்திருக்க முடியாத நிலையில், அவருடைய சட்டத்தரணி அதற்குச் சம்மதித்தது சரியே. அதனால் உரிமையாளர் தவறு செய்தார் என்று எந்த நீதிமன்றப் பதிவிலும் ஒரு வரி இல்லை. பதிவில் இருக்கும் ஒரே குற்றவாளி, அந்தப் பில்லைத் தானாகத் தந்தவர். இரண்டு வருடம் கழித்து வெளிநாட்டில் சாரதி வேலை ஒன்றுக்கு விண்ணப்பித்தபோது பொலிஸ் அறிக்கை கேட்டார்கள். அதில் 329ஆம் பிரிவின் கீழ்க் குற்றவாளி என்று வந்தது. தணிப்புக் கூற்றின் பிரதியோடு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன். முகவர் அதை வாசிக்காமலே திருப்பிக் கொடுத்தார் என்று சாரதி சொன்னார். இப்போது பூண்டுலோயாவில் முச்சக்கர வண்டி ஓட்டுகிறார். லீசிங் இன்னும் முடியவில்லை.